ஆத்தா கண் விழிக்காத வியாழக்கிழமை

வாழவந்தி நாடு,
கொல்லிமலை.
ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி.

அன்பும் மரியாதையும் கொண்ட அசோக் மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் அருள்மொழி வணங்கி எழுதுவது. இங்கே அம்மா சுகம். அப்பா சுகம், மரவள்ளிக் கிழங்கு லாரியோடு அடிவாரம் போயிருக்கிறார், நாளைக்கு வந்துவிடுவார். வெள்ளாடு சுகம். அம்மா வேலை செய்யும் சாமை மில்லின் மோட்டாரும் சுகம். கரூரில் நீங்களும் அத்தையும் சுகமாக இருக்க வேண்டும், நீங்கள் பார்த்துக்கொள்ளும் நூல் மில்லில் ஒரு மோட்டாரும் எரியாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்த வரிசையில், கூட்டாமல் குறைக்காமல், எனக்கே பாதகமாக இருந்தாலும் உண்மையாக எழுதப்போகிறேன் என்று முதலிலேயே உறுதி சொல்கிறேன். போன மாதம் ஃபோனில் நீங்கள்தான், "கரன்ட்டு எங்க போகுதுன்னு தெரியணும்னா கையில ஒரு நோட்டு வேணும் கண்ணு. பாத்தத மட்டும் எழுதணும், நெனச்சத எழுதக் கூடாது" என்று சொன்னீர்கள். அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருக்கிறேன். இதை வாட்ஸப்பில் அனுப்பாமல் தபாலில் அனுப்புவதற்குக் காரணம், ஃபோன் அம்மாவுடையது. இதில் அம்மாவுக்குத் தெரியக் கூடாத செய்தி ஒன்று இருக்கிறது. அது வியாழக்கிழமையில் வருகிறது. அதற்கு முன்பே தாண்டிப்போய்ப் படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்களுக்குப் பாதிதான் தெரியும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். நம் சாமை மில்லை அம்மாவையும் சேர்த்து ஏழு பெண்கள் நடத்துகிறார்கள். அம்மாதான் மிஷின் ஓட்டுகிறவர். மிஷினைக் கொடுத்தது அடிவாரத்தில் இருக்கும் மகளிர் குழுக் கூட்டமைப்பு ஆபீஸ். போன மாதக் கடைசியில் அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒரு மூட்டை சாமையில் உமி நீக்கி அரிசி எடுப்பதற்கு அடிவாரத்து மில்லில் ஆகிற மின்சாரத்தைப் போல் நம் மில்லில் இரண்டு மடங்கு ஆகிறதாம். இந்த மாதத்துக்குள் அது குறையாவிட்டால் மிஷினைக் கழற்றிக் கீழே இறக்கிவிடுவார்களாம். வேண்டுமானால் ஏழு பேரும் கீழே வந்து வேலை செய்யலாம் என்றும் அன்பாக எழுதியிருந்தார்கள். மாமா, கீழே போக எழுபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. அம்மாவுக்கு ஏழாவது வளைவிலேயே வாந்தி வந்துவிடும். மிஷின் போய்விட்டால் ஏழு பேருக்கும் வேலை போகும். சுற்றியுள்ள ஊர்களில் எல்லாரும் மறுபடி உலக்கையை எடுக்க வேண்டும். அம்மாவின் உள்ளங்கையில் பழைய உலக்கைக் காய்ப்பு இப்போதுதான் மறைந்துகொண்டு வருகிறது. அதனால் இது விளையாட்டு விஷயம் இல்லை.

மில்லுக்குப் பொறுப்பாகக் கூட்டமைப்பு அனுப்பியிருப்பவர் ஈஸ்வரமூர்த்தி சார். அவருக்குச் சொந்த ஊர் பரமத்தி. மிகவும் நல்லவர், ஆனால் குளிர் தாங்காது. மே மாதத்திலும் கழுத்தில் மப்ளர் சுற்றியிருப்பார். அவர் அந்தக் கடிதத்தைக் கூட்டத்தில் படித்தபோது கடைசி இரண்டு வரியில் குரல் உடைந்துவிட்டது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, வருகிற திங்கள் முதல் சனி வரை மின்சாரச் சிக்கன வாரம் என்றும், சனிக்கிழமை கூட்டமைப்பிலிருந்து வனிதா மேடம் நேரில் பார்க்க வருகிறார் என்றும் அறிவித்தார். எனக்குக் காலாண்டு விடுமுறை, கையெழுத்தும் நன்றாக இருக்கும் என்பதால் பதிவாளராக என்னை நியமித்தார். அப்போது அம்மா எழுந்து நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் டீ வந்துவிட்டது, எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

திங்கட்கிழமை. சாரின் முதல் ஆணை, பகலில் விளக்கு எரியக் கூடாது, ஜன்னல்களைத் திறந்து இயற்கை வெளிச்சத்தைப் பயன்படுத்த வேண்டும் என்பது. ஆறு விளக்கையும் அணைத்தோம், எட்டு ஜன்னலையும் திறந்தோம். புரட்டாசிக் காலையில் எங்கள் ஊரில் ஜன்னலைத் திறந்தால் என்ன வரும் என்று பரமத்திக்காரருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும், ஆனால் ஆணை என்பதால் யாரும் சொல்லவில்லை. மஞ்சு, அதாவது மலை மூடுபனி, உள்ளே வந்துவிட்டது. வெள்ளையாக, மெதுவாக, மூட்டைகளுக்கு நடுவில் நடந்து வந்து உட்கார்ந்துகொண்டது. பொன்னம்மாள் அத்தை, ஏழு பேரில் வயதில் மூத்தவர், மூலையில் நின்ற ஒரு மூட்டையின் கட்டை அவிழ்க்கப் போய்ச் சாரின் மப்ளரை இழுத்துவிட்டார். சார் இருமிய பிறகுதான் அது மூட்டை இல்லை என்று தெரிந்தது. இதைக் காட்டிலும் மோசமானது, மஞ்சில் சாமை நமத்துப்போய் உமி பிரியவே இல்லை. ஒரு தடவை ஓட்டியதை இன்னொரு தடவை ஓட்ட வேண்டியதாயிற்று. என் நோட்டில் இப்படி இருக்கிறது: அணைத்த விளக்கு ஆறு, இரண்டு மடங்கு ஓடிய மிஷின் ஒன்று.

செவ்வாய்க்கிழமை. ஜன்னலை மூடிவிட்டோம். ஆனால் இருட்டாக இருந்தது, விளக்குப் போடவும் கூடாது. அதனால் சார் தன் சொந்தச் செலவில் காளியண்ணன் கொத்தனாரைக் கூப்பிட்டுக் கூரையில் ஒரு தகரத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெளிச்சம் ஊடுருவும் பிளாஸ்டிக் தகடு ஒன்றைப் பதிக்கச் சொன்னார். பதினொரு மணிக்கு வேலை முடிந்தது. ஒரு சதுரம் வெளிச்சம் நேராகச் சாமைக் குவியலின் மேல் விழுந்தது. எல்லோருக்கும் சந்தோஷம், சாருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பதினொன்றரைக்கு வெளிச்சம் குறைந்தது. நிமிர்ந்து பார்த்தால் தகட்டின் மேல் குரங்குகள். இத்தனை வருடமாகத் தகரத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் போய்க்கொண்டிருந்தவை, இப்போது மூக்கைத் தகட்டில் அழுத்திக்கொண்டு உள்ளே பார்த்தன. பன்னிரண்டு மணிக்கு ஒன்பது குரங்குகள் நெருக்கியடித்து உட்கார்ந்துவிட்டன. உள்ளே பழையபடி இருட்டு. ஒரு குட்டி மட்டும் கூரை இடுக்கில் கையை விட்டு விட்டுப் பார்த்தது. காளியண்ணன் கொத்தனார் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க சார், இதுக்குப் பேசாம டிக்கெட் போட்டுருங்க" என்றார். சார் சிரிக்கவில்லை. அதை நானும் சிரிக்காமல் பதிவு செய்தேன்.

புதன்கிழமை எழுதுவதற்கு எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நீங்கள் சொன்னபடி எந்தெந்தப் பொருள் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். சாரின் மேஜைக்கு அடியில் குனிந்தபோது ஒரு ஹீட்டர் இருந்தது. சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது, சாரின் இரண்டு பாதங்களும் அதன் இரண்டு பக்கமும் இருந்தன. பின்னால் ஒட்டியிருந்த அட்டையைப் படித்தேன்: இரண்டாயிரம் வாட். மில்லில் இருக்கும் எல்லா விளக்கையும் சேர்த்தால்கூட அதில் பத்தில் ஒரு பங்குதான் வரும். நான் மேஜைக்கு அடியிலேயே பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். எழுதினால் சார் மாட்டிக்கொள்வார், எழுதாவிட்டால் நான் பதிவாளர் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மேலேயிருந்து சாரின் குரல் மெல்ல வந்தது. "எழுதும்மா. நாம ஒண்ணும் திருடலையே." பிறகு அவரே குனிந்து சுவிட்சை அணைத்தார். சூடு ஆறும்வரை காத்திருந்து, ஹீட்டரைக் குழந்தையைத் தூக்குவது போல் தூக்கிக்கொண்டு போய்ச் சாமான் அறையில் வைத்துப் பூட்டிச் சாவியை அம்மாவிடம் கொடுத்தார். அன்று சாயங்காலம் வருகைப் பதிவேட்டில் அவர் போட்ட கையெழுத்து நடுக்கத்தில் கட்டத்தை விட்டு வெளியே போய் அடுத்த நாளுக்குள் நுழைந்திருந்தது. பொன்னம்மாள் அத்தை பாவம் பார்த்து ஒரு மண்சட்டியில் கங்கு போட்டுக் கொண்டுவந்து மேஜைக்கு அடியில் வைத்தார். அதில் சாரின் இடதுகால் சாக்ஸ் கருகிவிட்டது. கால் தப்பித்தது.

இப்படி மூன்று நாள் போயும் மீட்டர் மட்டும் குறைகிற மாதிரி இல்லை. காரணம் மோட்டார்தான். எங்கள் மில்லில் காலையில் மோட்டாரைப் போட்டால் சாயங்காலம்தான் நிறுத்துவார்கள். தேவனூர் நாட்டு ஊர்களிலிருந்தெல்லாம் தலைச்சுமையாகச் சாமை தூக்கிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். ஒருவர் ஒன்பது மணிக்கு வருவார், அடுத்தவர் பத்தரைக்கு வருவார். அவ்வளவு தூரம் சுமந்து வந்தவரைக் காக்க வைக்கக் கூடாது என்பது மில்லின் வழக்கம். ஒரு வீட்டுச் சாமையை இன்னொரு வீட்டுச் சாமையோடு சேர்க்கவும் கூடாது. புதுச் சாமையை அவரவர் குலசாமிக்குத்தான் முதலில் பொங்கல் வைப்பார்கள், அதில் அடுத்த வீட்டு மணி ஒன்றுகூட இருக்கக் கூடாது. அதனால் ஒருவருடைய மூட்டை முடிந்த பிறகு அடுத்தவர் வரும்வரை மோட்டார் வெறுமனே ஓடிக்கொண்டே இருக்கும். இதை நான் நோட்டில் எழுதிச் சாரிடம் காட்டினேன். சார் படித்துவிட்டு, வழக்கத்தில் கை வைத்தால் ஆட்கள் வரமாட்டார்கள், நாம் கை வைக்கக்கூடிய இடத்தில் சிக்கனம் செய்வோம் என்று சொல்லி சுவிட்சுகளுக்கு மேல் ஒட்ட, 'தேவை இல்லாதபோது அணைக்கவும்' என்று அச்சடித்த ஐந்து ஸ்டிக்கரை எனக்குக் கொடுத்தார்.

இப்போது வியாழக்கிழமை. மாமா, இந்தப் பத்தியை மட்டும் யாருக்கும் படித்துக் காட்ட வேண்டாம்.

காலை ஒன்பதே முக்காலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மில்லுக்குள் போனேன். அம்மாவும் மற்றவர்களும் வெளியே முற்றத்தில் இருந்தார்கள். உள்ளே விளக்கு இல்லை, ஹீட்டர் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரே ஒரு பொருள்தான் எரிந்துகொண்டிருந்தது. மிஷினுக்கு மேலே சுவரில் இருக்கும் அம்மன் படத்துக்கு முன்னால் ஒரு சின்னச் சிவப்பு பல்பு. அது நான்கு வருடமாக இரவும் பகலும் எரிகிறது, யாரும் அதன் சுவிட்சை அணைத்து நான் பார்த்ததே இல்லை. பதினைந்து வாட்தான், ஆனால் நான்கு வருடத்தை மணியாக்கிப் பெருக்கிப் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றிவிட்டது. அம்மனிடம் கண்ணை மூடி மன்னிப்புக் கேட்டேன். சாமிக்கு வெளிச்சம் வேண்டுமென்றால் சாயங்காலம் நானே ஒரு நெய் விளக்கு வைக்கிறேன் என்றும் சொன்னேன். பிறகு ஸ்டூலில் ஏறிச் சுவிட்சை அணைத்தேன். நோட்டில் '9.40, சாமி பல்பு அணைக்கப்பட்டது' என்று எழுதினேன். யார் அணைத்தது என்று எழுதவில்லை. பிறகு குரங்கு உட்காராமல் இருக்கக் காளியண்ணன் கொத்தனார் கூரைமேல் முள் வைக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போய்விட்டேன்.

அந்த பல்பு எதற்கு என்று எனக்கு அப்போது தெரியாது மாமா. உங்களுக்குத் தெரிந்திருக்கும். மோட்டாருக்கு மூன்று கம்பியில் கரன்ட் வர வேண்டும், எங்கள் மலையில் அடிக்கடி மூன்றாவது கம்பியில் மட்டும் வராது. அது தெரியாமல் மோட்டாரைப் போட்டு இரண்டு முறை உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் எரிந்துபோனதாம். அதற்குப் பிறகு அந்த மூன்றாவது கம்பியில் இந்த பல்பை இணைத்திருக்கிறார்கள். பல்பு எரிந்தால் மோட்டாரைப் போடலாம், எரியாவிட்டால் தொடவே கூடாது. மில்லில் இருக்கிறவர்கள் இதைக் கம்பிக் கணக்காகச் சொல்வதில்லை, "ஆத்தா முழிச்சாச்சு" என்றுதான் சொல்வார்கள். நான் ஐந்தாம் வகுப்பிலிருந்து கேட்டிருக்கிறேன். அது சாமி கும்பிடுவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்குப் பொன்னம்மாள் அத்தை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்து, ஆத்தா இன்னும் முழிக்கவில்லை என்றார். சரி, மூன்றாவது கம்பி இல்லை என்று எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். அதே கம்பியில் இருக்கும் வேறு விளக்கைப் போட்டுப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அது சிக்கன வாரம். பதினொரு மணிக்குள் ஆறு பேர் மூட்டையோடு வந்துவிட்டார்கள். மூன்று நாளாக மஞ்சுக்காகக் கிளம்பாமல் இருந்தவர்களும் சேர்ந்து வந்ததில் ஒரு மணிக்குள் பத்தொன்பது மூட்டை. கரன்ட் எப்போது வேண்டுமானாலும் வரும் என்பதால் யாரும் திரும்பிப் போகவில்லை. மூன்று நாள் மஞ்சுக்குப் பிறகு அன்றைக்குப் பார்த்து வெயில் சுள்ளென்று அடித்தது. அம்மா, சும்மா இருக்கிற நேரத்தில் சாமையைக் காயவாவது போடுங்கள் என்று சாமான் அறையிலிருந்து படுதாக்களைத் தூக்கி வந்து கொடுத்தார். முற்றம் பூராவும் பத்தொன்பது வீட்டுச் சாமை, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஆள் நடக்கிற அளவு இடம் விட்டு, அவரவர் எல்லையில் அவரவர் கல் வைத்துக்கொண்டு காவல். ஊர்க் கதை எல்லாம் பேசினார்கள். புளியஞ்சோலைப் பக்கம் பெண் கொடுத்த ஒருவர் சம்பந்தியைப் பற்றி ஒரு மணி நேரம் சொன்னார். சார் மட்டும் வெயிலில் சந்தோஷமாக நின்றுகொண்டு, ஃபோனை ஆகாயத்தை நோக்கிப் பிடித்து சிக்னல் தேடி லைன்மேனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் மீட்டரைப் பார்த்தேன். அசையவே இல்லை. எனக்கு அப்போதும் புரியவில்லை மாமா. 'சிக்கன வாரத்தின் மிகச் சிறந்த நாள்' என்று எழுதி நட்சத்திரம் போட்டேன்.

லைன்மேன் வேல்முருகன் அண்ணன் டிரான்ஸ்பார்மரிலிருந்து ஒவ்வொரு கம்பமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். மூன்று கம்பம் ஏறினார். இரண்டு அட்டை கடித்தது. நான்கு மணிக்கு மில்லுக்குள் வந்து டெஸ்டரை வைத்தால் மூன்று கம்பியிலும் கரன்ட் இருக்கிறது. பல்பு ஃப்யூஸ் என்று நினைத்து ஸ்டூலில் ஏறியவர், ஏறிய இடத்திலேயே திரும்பி, "ஏனுங்க, சுவிட்ச்சே ஆஃப்ல கெடக்குதுங்க" என்றார்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதே நொடியில் அம்மா, "அருளு, அண்ணனுக்குத் தண்ணி கொண்டா சாமி" என்றார். ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். அதற்குள் தீர்ப்பு முடிந்திருந்தது. குரங்குதான் என்று சார் சொல்லிவிட்டாராம். செவ்வாய்க்கிழமையே மேலேயிருந்து எல்லாவற்றையும் நோட்டம் பார்த்ததாம், அதிலும் கையை விட்டு விட்டுப் பார்த்த அந்தக் குட்டியின் மேல் அவருக்குச் சந்தேகமாம். பொன்னம்மாள் அத்தை குரங்கு இல்லை, ஆத்தாளேதான் கண்ணை மூடிக்கொண்டாள் என்றார். இரண்டு கட்சியாகப் பிரிந்து பேச ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றாவது கட்சி நான் ஒருத்தி, சொம்போடு நின்றேன். அம்மா வேல்முருகன் அண்ணனுக்கு அட்டை கடித்த இடத்தில் தானே சுண்ணாம்பு வைத்துவிட்டார். போகும்போது ஒரு படி மிளகும் கட்டிக் கொடுத்தார். எங்கள் வீட்டு மிளகு மாமா, அம்மா அதை எனக்குச் சளி பிடித்தாலே எண்ணித்தான் போடுவார்.

பொழுது போய்விட்டதால் அன்று மிஷின் ஓட்டவில்லை. மூட்டைகளை விட்டுவிட்டுப் போக முதலில் யாரும் சம்மதிக்கவில்லை. அம்மா ஒவ்வொரு மூட்டைக்கும் ஒவ்வொரு விதமாக, வாழை நார், கற்றாழை நார், சேலைக் கிழிசல், இலந்தைக் குச்சி என்று அடையாளம் கட்டி, மாறினால் என் வீட்டுச் சாமையை அளந்து தருகிறேன் என்று சொன்ன பிறகுதான் போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அம்மா மோட்டாரைப் போட்டார். சாமை சலசலவென்று காய்ந்திருந்தது. ஒரே ஓட்டத்தில் உமி பிரிந்தது. ஒரு மூட்டை முடிந்ததும் துடைத்துவிட்டு அடுத்த மூட்டை, அது முடிந்ததும் அடுத்தது. மோட்டார் ஒரு நிமிடம்கூட வெறுமனே ஓடவில்லை. ஒரு வீட்டு மணி இன்னொரு வீட்டில் சேரவும் இல்லை. பன்னிரண்டரைக்குப் பத்தொன்பதும் முடிந்துவிட்டது. நான் மீட்டரை மூன்று முறை பார்த்தேன், பிறகு சாரைக் கூப்பிட்டு அவரையும் பார்க்கச் சொன்னேன். வழக்கமாக மூன்று நாள் ஓடி முடிக்கிற வேலைக்கு, ஒரு நாளில் ஆகிற கரன்ட்கூட ஆகவில்லை. ஒரு மூட்டைக்கு என்று பார்த்தால் அடிவாரத்து மில்லைக் காட்டிலும் குறைவு. சார் மப்ளரைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை வனிதா மேடம் ஜீப்பில் வந்தார். பொன்னம்மாள் அத்தையிடம் கேட்டதற்கு, "ஆத்தா ஒரு நாளு கண்ண மூடிக்கிட்டாங்க. அதான் எங்களுக்குக் கண்ணு தொறந்துச்சு" என்றார். சார் ஸ்டிக்கரையும் கூரைத் தகட்டையும் பற்றிச் சொன்னார், ஹீட்டரையும் அவரே சொன்னார். மேடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு என் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் படித்தார். வியாழக்கிழமையில் நிறுத்தி, அன்றைக்கு ஏன் பூஜ்யம் என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அம்மா, "அருளு, மேடத்துக்கு டீ கொண்டா" என்றார். நான் டீயோடு வருவதற்குள் மேடம் எழுதிக் கையெழுத்தே போட்டுவிட்டார். மிஷின் இங்கேயே இருக்கும். இனிமேல் வருகிற சாமையை வாங்கி அடையாளம் கட்டிக் காயவைத்து, செவ்வாய், வெள்ளி இரண்டு நாள் மட்டும் ஒரே ஓட்டமாக ஓட்ட வேண்டும். ஏழு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அம்மா மிஷினைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார், அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைப்பீர்கள். எனக்கு முடியவில்லை. போகும்போது மேடம் என் தலையைத் தொட்டு, இந்த வாரம் நடந்ததை ஓர் அறிக்கையாகப் பத்து நாளில் எழுதி அனுப்பச் சொன்னார். அதை மற்ற மில்களிலும் படிப்பார்களாம், கீழே என் கையெழுத்து இருக்குமாம். வியாழக்கிழமையில் நான் என்ன எழுதுவது? நான் அணைத்தேன் என்று எழுதினால், யோசித்துச் செய்த சிக்கனம் இல்லை, ஒரு பெண் தெரியாமல் செய்த தப்பு என்று மேடம் கையெழுத்தை மாற்றிவிட்டால் மிஷின் கீழே போய்விடும். குரங்கு என்று எழுதினால் அந்தக் குட்டிக்கு அநியாயம். அதைக் கண்டாலே இப்போது எல்லோரும் கல்லை எடுக்கிறார்கள். ஆத்தா என்று எழுதினால் நெனச்சத எழுதக் கூடாது என்று நீங்கள் சொன்னதை மீறுவேன். மூன்று கம்பம் ஏறிய வேல்முருகன் அண்ணனின் முகத்தை ரோட்டில் பார்க்க முடியவில்லை. அம்மாவிடம் சொல்லவும் பயம், என்னைக் காப்பாற்றத்தான் இரண்டு முறையும் அனுப்பினாரோ என்றுகூடத் தோன்றுகிறது. நீங்கள் மோட்டாரும் தெரிந்தவர், அம்மாவையும் தெரிந்தவர். என்ன எழுத வேண்டும் என்று உடனே பதில் போடுங்கள். பள்ளிக்கூட விலாசத்துக்குப் போடுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். அத்தைக்காகப் பொன்னம்மாள் அத்தை ஒரு சீப்பு மலைவாழைப்பழம் வைத்திருக்கிறார், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் தொடுகிற எல்லாச் சுவிட்சும் சரியான சுவிட்சாக இருக்கட்டும், உங்கள் வீட்டுக்கு மூன்று கம்பியிலும் எப்போதும் கரன்ட் வரட்டும்.

என்றும் உங்கள் பாசத்துக்குரிய,
மா. அருள்மொழி,
ஒன்பதாம் வகுப்பு, பதிவாளர்.

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதியதில் பாதியை அடித்துவிட வேண்டும். ஆனால் நல்ல தாளில் எழுதிவிட்டதால் அப்படியே விட்டு இங்கே திருத்துகிறேன். கவர் எடுக்க எழுந்து போன நேரத்தில் அம்மா, தம்பிக்கு நாமும் இரண்டு வரி எழுதலாம் என்று கடிதத்தை எடுத்து, முழுதும் படித்துவிட்டார். நான் கதவருகில் நின்று அழத் தயாராக இருந்தேன். அம்மா சிரித்தார். சத்தமில்லாமல், தோள் குலுங்க.

பிறகு, "நீ அணச்சத நான் அப்பவே பாத்துட்டேன். நீ அக்கட்டப் போனதும் உள்ள வந்து நானே போட்டுட்டேன்" என்றார். எனக்குப் புரியவில்லை. அப்படியானால் பத்து மணிக்கு எப்படி அணைந்திருந்தது என்று கேட்டேன். அம்மா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே சொன்னார். "போட்டுட்டு ஸ்டூலுமேலயே நின்னு யோசிச்சேன். வெளிய வெயிலு வருது. உள்ள சாமை நமத்துக் கெடக்குது. சரின்னு நானே அணச்சுட்டு வந்துட்டேன்."

மூன்று வருடமாக ஒவ்வொரு கூட்டத்திலும் அம்மா இதைத்தான் சொல்ல எழுந்திருக்கிறார்: காயவைத்து, கட்டி வைத்து, ஒரே ஓட்டமாக ஓட்டலாம் என்று. ஒரு கூட்டத்தில் வழக்கத்தை மாற்றாதே என்றார்களாம், ஒரு கூட்டத்தில் சுமந்து வந்தவர்களைக் காக்க வைப்பாயா என்றார்களாம், மற்ற கூட்டங்களில் டீ வந்துவிட்டதாம். "நான் சொன்னா பானுமதி சொன்னதுன்னு போயிரும் சாமி. ஆத்தா சொன்னா நாடே கேக்கும்" என்றார். அம்மனுக்குக் கோபம் வராதா என்று கேட்டேன். "நாலு வருசமா அவளும் கண்ணு கொட்டாமத்தான் இருந்தா. ஒரு நாளு தூங்கட்டுமேன்னுதான்" என்றார். வேல்முருகன் அண்ணன் மூன்று கம்பம் ஏறியதைப் பற்றி மட்டும் சிரிக்கவில்லை. மிளகு போதாது, இன்னொரு படி கொடுக்க வேண்டும் என்றார்.

அறிக்கையில் என்ன எழுதுவது என்று கேட்டதற்கு, பார்த்ததை மட்டும் எழுது என்றார். நான் பார்த்தது, 9.40 மணிக்கு நான் அணைத்தது. அதை அம்மா 9.50க்குப் போட்டுவிட்டதால் அதில் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை, தைரியமாக எழுதுவேன். அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை, கேட்டதுதான். ஆனால் காயவைத்து ஒரே ஓட்டமாக ஓட்ட வேண்டும் என்ற யோசனை பானுமதி என்பவருடையது, மூன்று வருடமாகச் சொல்லிவருகிறார் என்று அறிக்கையின் முதல் வரியில் எழுதப்போகிறேன். அம்மா வேண்டாம் என்றார். நான் அதைக் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். அம்மா திரும்பச் சொல்லவில்லை.

இந்தப் பின்குறிப்பு உங்களுக்கு மட்டும். பதிலை வீட்டு விலாசத்துக்கே போடலாம். வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கிறது என்று அம்மா இப்போது எழுந்து போய் வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டார். மணி ஐந்தே கால். மில்லிலும் பார்த்துவிட்டு வந்தேன். ஆத்தா மட்டும் விழித்திருக்கிறாள், மற்ற விளக்குகள் அணைக்கப்பட்டுள்ளன.